நீங்கள் போகாத சாலையில் அதிவேக அபராதமா? இ-சலானை மறுப்பது எப்படி

வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தியோ, அதே வண்டி முந்தாநாள் மதியம் திண்டிவனம் பக்கம் 112 கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாகச் சொல்கிறது. அலைச்சலுக்குப் பயந்து "ஆயிரம் ரூபாய்தானே" என்று பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள்.

இ-சலான் எனப்படும் இந்த மின்னணு அபராத நோட்டீஸுக்குக் கட்டும் பணம் வெறும் கட்டணம் அல்ல. சட்டப்படி அது குற்றத்தை ஏற்றுக்கொண்டு இணக்கமாகத் தீர்த்துக்கொள்வது. மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவில், கார் போன்ற இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 வரை. அதே பிரிவின்படி இரண்டாவது முறை சிக்கினால் ஓட்டுநர் உரிமமே பறிபோகலாம். செய்யாத குற்றத்தை இன்று ஒப்புக்கொண்டால், நாளை நிஜமாகவே ஒருமுறை வேகம் கூடிப் பிடிபடும்போது அது இரண்டாவது குற்றமாகிவிடும். இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. உங்கள் நம்பரை யாரோ தன் வண்டியில் மாட்டிக்கொண்டு திரிகிறார் என்றால், இந்த அபராதம் வெறும் முன்னறிவிப்புதான். அடுத்து வருவது விபத்து வழக்கின் சம்மனாக இருக்கலாம்.

முதல் வேலை: அது உண்மையான சலானா?

அபராதச் செய்தி என்ற பெயரில் மோசடி நிறைய நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வண்டி நம்பரோடு ஒரு செய்தி வரும், கூடவே 'ஏ.பி.கே.' என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து நிறுவினால், உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும். எந்த அரசுத் துறையும் சலானைச் செயலிக் கோப்பாக அனுப்பாது. செய்தியில் உள்ள இணைப்பு எதையும் தொடாமல், மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் இ-சலான் பரிவாகன் தளத்துக்கு நீங்களே முகவரியை அடித்துப் போங்கள். முகவரியின் கடைசி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். 'ஜி.ஓ.வி.' நடுவில் எங்கோ வந்து, வேறு எதிலாவது முடிந்தால் அது போலி.

தளத்தில் வாகன எண்ணைப் போட்டு, ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றில்) உள்ள என்ஜின் நம்பர் அல்லது சேஸிஸ் நம்பரின் கடைசி 5 இலக்கத்தைக் கொடுத்தால், அந்த வண்டி மேல் உள்ள சலான்கள் தெரியும். ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பாருங்கள். பதிவு ஏறத் தாமதமாவது உண்டு. சலான் ஏற்கெனவே நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால், இணையவழியில் அபராத வழக்குகளைக் கையாளும் மெய்நிகர் நீதிமன்றத்தின் தளத்தில் தனியாகத் தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஏ.பி.கே. கோப்பைத் தெரியாமல் நிறுவிவிட்டவர்கள் உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கி, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

படத்தைப் பார்க்காமல் யாரிடமும் பேசாதீர்கள்

சலான் உண்மை என்று தெரிந்ததும், எரிச்சலோடு போலீஸுக்குப் போன் போடத் தோன்றும். பொறுங்கள். சலானைத் திறந்து, கேமரா எடுத்த படத்தைத் தரவிறக்குங்கள். எத்தனை படம் இருக்கிறதோ அத்தனையும், சலானின் பி.டி.எஃப்.பும், திரையின் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். படம் பிறகு திறக்காமல் போகலாம். சலானில் மறுப்புத் தெரிவிக்கக் கெடு போட்டிருந்தால் அதையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

இனி வண்டியை வெளியே எடுத்து, கேமரா எடுத்த அதே கோணத்தில், முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று பார்த்துப் படம் எடுங்கள். ஒட்டிய ஸ்டிக்கர், கீறல், பம்பர் கார்டு, சக்கரத்தின் டிசைன், கூரைக் கம்பி, கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம், பின்கண்ணாடி வைப்பர் எல்லாம் தெரிய வேண்டும். பைக்காக இருந்தால் ஹேண்டில்பார், சைலன்ஸர், பக்கவாட்டுப் பெட்டி. வழக்கு முடியும்வரை நசுங்கலைச் சரிசெய்யாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். "இப்போது மாற்றிவிட்டீர்கள்" என்று யாரும் சொல்ல இடம் தரக்கூடாது.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான சிக்கல்களின் முடிச்சு இங்கேயே அவிழ்ந்துவிடும்.

*நம்பரைத் தவறாகப் படித்திருந்தால்.* கேமராவில் உள்ள மென்பொருள் தகட்டிலுள்ள எழுத்தைப் படம் பார்த்துத்தான் ஊகிக்கிறது. 8-ஐ 'பி' என்றும், 0-வை 'டி' என்றும், 1-ஐ 7 என்றும், 3-ஐ 8 என்றும், 'எம்'-ஐ 'என்' என்றும் படிப்பது வழக்கமான பிழைகள். தகட்டை மாட்டிய போல்ட்டின் தலை ஒரு எழுத்தின் மேல் விழுந்தாலோ, சேறு படிந்திருந்தாலோ, எழுத்து வளைந்து நெளிந்த அலங்காரத் தகடாக இருந்தாலோ பிழை கூடும். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். சந்தேகமான எழுத்தை மட்டும் மாற்றி, பரிவாகன் தளத்தின் வாகன விவரப் பகுதியில் தேடிப் பாருங்கள். படத்தில் இருப்பது வெள்ளை நிற வேன், நீங்கள் மாற்றிப் போட்ட எண்ணும் அதே நிறுவனத்தின் அதே மாடல் வேன் என்றால், விடை கிடைத்துவிட்டது. அந்த எண்ணை மனுவில் எழுதினால் போதும். அந்த உரிமையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வண்டி வகையையும் கவனியுங்கள். சென்னையில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 கிலோமீட்டர் என்று வேக வரம்பு வைத்தார்கள். 58-ல் போன கார் குற்றம் செய்யவில்லை. 58-ல் போன பைக் செய்தது. நம்பர் தவறாகப் படிக்கப்பட்டு பைக்கின் எண்ணாகப் பதிவாகியிருந்தால், குற்றமே செய்யாத ஒரு காரின் படத்தை வைத்தும் அந்த பைக்கின் உரிமையாளருக்குச் சலான் பிறந்துவிடும். படத்தில் இருப்பது கார், உங்கள் ஆர்.சி.யில் இருப்பது மோட்டார் சைக்கிள் என்றால் வேறு ஆதாரமே தேவையில்லை.

*உங்கள் நம்பரை வேறு வண்டி மாட்டியிருந்தால்.* எழுத்து எழுத்தாகப் படித்தும் அது உங்கள் எண்ணேதான். வண்டி மட்டும் உங்களுடையது இல்லை. திருடுபவர்களில் விவரமானவர்கள் அதே மாடல், அதே நிறமாகப் பார்த்துத்தான் நம்பரை எடுப்பார்கள். அப்போது தகடுதான் காட்டிக்கொடுக்கும். 2019 ஏப்ரல் 1 முதல் விற்ற புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதில் இடது மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதன் கீழே நாட்டின் மூன்றெழுத்துச் சுருக்கம் நீல நிறத்தில், இடது கீழ்ப் பகுதியில் லேசரால் பொறித்த எண், எழுத்துகளின் மேல் சாய்வாக 'இந்தியா' என்று ஓடும் படலம் எல்லாம் இருக்கும். லேசர் எண் கேமராப் படத்தில் தெரியாது. ஆனால் எழுத்தின் வடிவம், எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி, ஒரே வரியா இரண்டு வரியா, ஹாலோகிராம் இருக்கும் இடத்தில் ஏதாவது மினுக்குகிறதா என்பது தெரியும். உங்களுடையது உயர் பாதுகாப்புத் தகடு, படத்தில் இருப்பது கடையில் அடித்த சாதாரணத் தகடு என்றால், இதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது கடினம்.

*ஒரே படத்தில் இரண்டு வண்டி.* உங்கள் வண்டியும் அங்கே போயிருக்கிறது, ஆனால் வேகமாகப் போனது பக்கத்துத் தடத்தில் போன வேறொன்று. எந்த வண்டியின் வேகம் அளக்கப்பட்டது என்று படத்தில் கட்டம் அல்லது குறி இருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தோடு இரண்டு படங்கள் இருந்தால் நீங்களே கணக்குப் போடலாம். 96 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 26.7 மீட்டர், அரை விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே வண்டி 13 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்க வேண்டும். மின்கம்பம், சாலைக் கோடு போல மாறாத அடையாளம் இரண்டை எடுத்துக்கொண்டு, நேரில் போய் ஓரமாக நின்று டேப் வைத்து அளந்தால் உண்மை தெரியும். 6 மீட்டர்தான் நகர்ந்திருக்கிறது என்றால் அந்த வேகம் உங்கள் வண்டியுடையது அல்ல. நெடுஞ்சாலையில் அளக்கப் போகிறவர்கள் சாலைக்குள் இறங்க வேண்டாம்.

ரெக்கவரி லாரியின் மேல் ஏற்றிச் சென்ற வண்டியின் நம்பரைக் கேமரா பிடிப்பதும் உண்டு. அந்த லாரிக்காரர் தந்த ரசீது உங்களைக் காப்பாற்றும்.

ஆதாரம் கரைந்துகொண்டிருக்கிறது

நியாயமாகப் பார்த்தால் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. நடைமுறையில், "நான் அங்கே இல்லை" என்று காட்டும் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது. அது எப்படிச் சரி என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் கோபப்படுகிற அந்த ஒரு வாரத்தில் சி.சி.டி.வி. பதிவு அழிந்துவிடும். அடுக்ககங்களிலும் கடைகளிலும் பதிவு பெரும்பாலும் 15 நாள், மிஞ்சினால் ஒரு மாதம்தான் இருக்கும். அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். ஆகவே சலான் தெரிந்த அன்றே அடுக்ககச் சங்கம், அலுவலக வாகன நிறுத்தம், எதிர்க்கடை என்று கேட்டு, அந்த நாளின் பதிவை பென்டிரைவில் வாங்குங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இத்தனை நிமிடம் முன்னே, பின்னே என்று குறித்துக்கொள்ளுங்கள். பல கேமராக்கள் பத்துப் பதினைந்து நிமிடம் தவறாகத்தான் ஓடும். இதை நீங்களே முன்கூட்டிச் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்லும்.

காருக்கு மிக நல்ல சாட்சி ஃபாஸ்டேக். திண்டிவனத்தில் பிற்பகல் 2.10-க்கு சலான், அதே கார் 1.50-க்கு கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பணம் கட்டியிருக்கிறது. நடுவே 150 கிலோமீட்டருக்கு மேல் தூரம். இதற்கு மேல் வாதம் வேண்டாம். ஆனால் குறுஞ்செய்தி வந்த நேரத்தை ஆதாரமாகக் காட்டாதீர்கள். ஃபாஸ்டேக் செய்தி சில நேரம் மணிக்கணக்கில் தாமதமாக வரும். ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியின் கணக்குத் தாளை எடுங்கள். அதில் பணம் கழிந்த நேரம் தனியாகவும், சாவடியில் ரீடர் படித்த நேரம் தனியாகவும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ரீடர் நேரம். அப்படியே கடந்த ஆறு மாதக் கணக்கையும் ஒரு பார்வை பாருங்கள். நீங்கள் போகாத சாவடியில் பணம் கழிந்திருந்தால், போலித் தகடு என்ற சந்தேகம் இன்னும் வலுவாகும்.

இருசக்கர வாகனங்களுக்குச் சுங்கம் கிடையாது, ஃபாஸ்டேக்கும் கிடையாது. அவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்: அலுவலக வருகைப் பதிவு, வாகன நிறுத்த டோக்கன், நேரம் அச்சான பெட்ரோல் ரசீது, மருத்துவமனைச் சீட்டு. வண்டி சர்வீஸில் இருந்திருந்தால் ஜாப் கார்டு. அதில் வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், ஓடிய கிலோமீட்டர் மூன்றும் இருக்கும். கூகுள் இருப்பிட வரலாறு துணைக்கு உதவும். தனியாக நிற்காது, ஏனென்றால் அது போன் எங்கே இருந்தது என்று சொல்லுமே தவிர வண்டி எங்கே இருந்தது என்று சொல்லாது.

எங்கே, எப்படிப் புகார் செய்வது

சலானைப் போட்டது யார் என்று அதிலேயே இருக்கும். மாநகரப் போக்குவரத்து போலீஸா, மாவட்டப் போலீஸா, ஆர்.டி.ஓ.வின் அமலாக்கப் பிரிவா என்று பாருங்கள். வேறு மாநிலமாகவும் இருக்கலாம். உங்கள் ஊர் காவல் நிலையத்தால் அந்தச் சலானை ரத்து செய்ய முடியாது. அங்கே போய் நாளை வீணாக்க வேண்டாம்.

பரிவாகன் தளத்திலேயே புகார்ப் பகுதி இருக்கிறது. சலான் எண், உங்கள் பெயர், கைபேசி எண் கொடுத்து, இரண்டு படங்களையும் சேர்த்த ஒரே பக்கத்தைப் பதிவேற்றுங்கள். கேமராப் படம் இடப்பக்கம், உங்கள் வண்டி வலப்பக்கம், வேறுபாடுகளில் சிவப்பு வட்டம். சோதிக்கும் அதிகாரிக்கு உங்கள் விவகாரத்துக்கு ஒதுக்க ஒரு நிமிடம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குப் புரிய வேண்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதோடு நின்றுவிடாமல், சலான் போட்ட அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு மனு அனுப்புங்கள். தளத்தில் போட்ட புகார் பதில் இல்லாமல் கிடந்தாலும், தபால் ரசீது பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும். மனு நீளமாக இருக்கக்கூடாது. இப்படி இருந்தால் போதும்:

> பொருள்: என் வாகனத்தின் மீது தவறாகப் பதிவான அதிவேக இ-சலானை ரத்து செய்யக் கோருதல்.
>
> ஐயா / அம்மா,
>
> (வாகன எண்) என்ற பதிவெண் கொண்ட (நிறுவனம், மாடல், நிறம்) வாகனத்தின் உரிமையாளர் நான். (தேதி) அன்று (நேரம்) மணிக்கு (இடம்) என்ற இடத்தில் அதிவேகமாகச் சென்றதாக (சலான் எண்) என்ற இ-சலான் என் வாகனத்தின் மீது பதிவாகியுள்ளது.
>
> அந்த நேரத்தில் என் வாகனம் (இடம்) என்ற இடத்தில் இருந்தது. சலானில் உள்ள படத்தில் காணப்படும் வாகனம் என்னுடையது அன்று. வேறுபாடுகள்: (1) … (2) … (3) …
>
> ஆகவே இந்தச் சலானை மறுக்கிறேன். படத்தை மறுபடி சரிபார்த்து, சலானை ரத்து செய்து எழுத்துபூர்வமாகத் தெரிவிக்குமாறும், அதுவரை கேமராவின் மூலப் பதிவை அழிக்காமல் பாதுகாக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: சலான் நகல், ஆர்.சி. நகல், ஒப்பீட்டுப் படம், (ஃபாஸ்டேக் கணக்குத் தாள் / ஜாப் கார்டு / பிற).

'மறுக்கிறேன்' என்ற சொல் மனுவில் கட்டாயம் இருக்க வேண்டும். "கருணை காட்டி மன்னிக்கவும்" என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறவர்கள் உண்டு. மன்னிப்புக் கேட்டால் தப்பு செய்ததாகத்தான் படிப்பார்கள்.

பதில் இல்லாவிட்டால் முதல்வர் உதவி மையம் 1100-ல் பதியுங்கள். அந்தப் புகார் சம்பந்தப்பட்ட துறைக்கே திரும்பிப் போகும் என்றாலும், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். கேமராவைப் பற்றிய விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு, 30 நாளில் பதில். கேட்க வேண்டியவை: அந்தக் கேமராவின் அங்கீகாரச் சான்று சலான் தேதியில் நடப்பில் இருந்ததா, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், அந்தச் சாலைப் பகுதிக்கான வேக வரம்பு உத்தரவு.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். அதன்படி, கண்காணிப்புக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அங்கீகாரச் சான்று வேண்டும். கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கும் பலகை வேண்டும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணுச் சாட்சியச் சான்று இவை சலானோடு இருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். சலான் தீரும்வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும். உங்கள் சலானில் இவற்றில் எது குறைகிறது என்று மனுவின் கடைசியில் ஒரு வரி எழுதுங்கள். ஆனால் இதையே முதல் வாதமாக வைக்காதீர்கள். "நோட்டீஸ் 22-ம் நாள்தான் வந்தது" என்பது நுணுக்கம். "படத்தில் இருப்பது என் வண்டியே இல்லை" என்பது உண்மை. உண்மை கையில் இருக்கும்போது நுணுக்கத்தை முன்னால் நிறுத்துவது உங்களைக் குற்றவாளி போலக் காட்டும்.

போலி நம்பர் என்றால் போலீஸ் புகார் தனி

இந்த ஒரு நிலையில் மட்டும் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் போக வேண்டும். சலானை ரத்து செய்ய அல்ல. உங்கள் எண்ணை வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று பதிய. எஃப்.ஐ.ஆர். போடத் தயங்கினால் குறைந்தது சி.எஸ்.ஆர். எனும் புகார் பெற்றதற்கான ரசீதாவது வாங்காமல் திரும்பாதீர்கள். புகாரில் சலான் விவரம், ஒப்பீட்டுப் படம், உங்கள் வண்டியின் சேஸிஸ், என்ஜின் எண்கள் இருக்கட்டும். அதன் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். அந்தப் போலி வண்டி யாரையாவது மோதிவிட்டுப் போனால், இழப்பீட்டு வழக்கு முதலில் தேடி வருவது பதிவு உரிமையாளரையும் அவரது இன்ஷூரன்ஸையும்தான். அந்தத் தேதிக்கு முன்பே புகார் கொடுத்திருந்தீர்கள் என்பது அன்றைக்கு மிகப் பெரிய பலம். பழைய தகடு வைத்திருப்பவர்கள் இந்தச் சாக்கில் உயர் பாதுகாப்புத் தகட்டுக்கு மாறிவிடலாம்; அடுத்த சலானில் வித்தியாசம் காட்ட எளிது.

வண்டி உங்களுடையது, ஓட்டியது நீங்கள் இல்லை

இது வேறு கணக்கு. சலான் நியாயமானது, ஆள்தான் மாறியிருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி கேட்டால், ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிம விவரத்தைச் சொல்ல உரிமையாளர் கடமைப்பட்டவர். மறைத்தாலோ தெரிந்தே பொய் சொன்னாலோ 179-வது பிரிவில் ஒரு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே ஓட்டிய டிரைவர், வாடகைக்கு எடுத்தவர், மைத்துனர், யாராக இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள். உரிமம் இழக்கப் பயந்து, வீட்டில் இருக்கும் வயதானவர் ஓட்டியதாகச் சொல்லும் பழக்கம் மிக ஆபத்தானது. கேமராப் படத்தில் முகம் தெரிந்தால் அபராத விவகாரம் பொய்ச் சாட்சிய விவகாரமாக மாறிவிடும்.

ஓட்டியது 18 வயது ஆகாத பிள்ளை என்றால், எதையும் எழுதிக் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். 199-ஏ பிரிவில் பெற்றோருக்கும் உரிமையாளருக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

விற்றுவிட்ட வண்டிக்குச் சலான் வருவதுதான் எல்லாவற்றிலும் வலி தருவது. கையில் பணம் வாங்கி, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்திருப்பீர்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். அரசின் கணக்கில் இன்றும் நீங்கள்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விற்ற ரசீது, வாங்கியவரின் அடையாள அட்டை நகல், பணம் வந்த வங்கிப் பதிவு, டெலிவரி கொடுத்த தேதியும் நேரமும் எழுதிய தாள் ஆகியவற்றைச் சேர்த்து, ஓட்டியவர் விவரமாக போலீஸுக்குக் கொடுங்கள். கூடவே வண்டியை விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ ஆர்.டி.ஓ.விடம் உடனே பதியுங்கள். சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவித்திருக்க வேண்டும். தாமதமானாலும் இன்று தெரிவிப்பது, அடுத்த சலானிலிருந்து காப்பாற்றும். அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலரிடம் கொடுப்பதானால் படிவம் 29-சி உண்டு. அதைப் பதிந்த பிறகு வண்டிக்குப் பொறுப்பு டீலர். 2023 ஏப்ரலிலிருந்து இந்த வசதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

நீதிமன்றம் வரை போனால்

மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் உங்கள் வழக்கைத் திறந்தால் இரண்டு வழிகள் தெரியும்: உத்தேச அபராதத்தைக் கட்டுவது, வழக்கை எதிர்த்து நடத்துவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு சம்பவம் நடந்த எல்லைக்கு உட்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மாறும், தேதி வரும். தேர்ந்தெடுத்தபின் மாற்ற முடியாது என்பதால், தவறிக் கட்டும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

இந்த வழக்கை நடத்த வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. நீங்களே நின்று பேசலாம். மூல ஆர்.சி., ஒப்பீட்டுப் படம் மூன்று பிரதி, தபால் ரசீது, சி.எஸ்.ஆர்., ஃபாஸ்டேக் தாள். முடிந்தால் வண்டியையே நீதிமன்றத்துக்கு ஓட்டிப் போங்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, படத்தை நீட்டுங்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை 6 மாதத்துக்குள் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 514-வது பிரிவு சொல்கிறது. பல ஆண்டு பழைய சலான் திடீரென்று முளைத்திருந்தால், வழக்குத் தாக்கலான தேதியைக் கேட்டு இதையும் சொல்லலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் பாதிக் காசுக்கு முடித்துவிடலாம் என்று ஆலோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். அது சமரசத்துக்கான இடம். தப்பு செய்தவருக்குச் சலுகை. செய்யாதவருக்கு அது தோல்விதான்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது வண்டியை விற்கவோ, எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கவோ போனால் ஆர்.டி.ஓ. கணினி தடுக்கக்கூடும். எஃப்.சி. தேதி நெருங்குகிற வாடகை வண்டிக்காரர்கள் இதனால்தான் வேறு வழியின்றிக் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் காத்திருக்காமல், எஃப்.சி. தேதியைக் குறிப்பிட்டு, மனுவை விரைந்து முடிக்கக் கோரி நேரில் போக வேண்டும்.

சலான் ரத்தான பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு வாரம் கழித்து இ-சலான் தளம், மெய்நிகர் நீதிமன்றத் தளம், வாகனப் பதிவு விவரம் மூன்றையும் திறந்து, நிலுவை எதிலும் இல்லை என்று பாருங்கள். ஒரு தளத்தில் நீக்கியது இன்னொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே வாகனப் பதிவில் உள்ள கைபேசி எண் உங்களுடையதா என்றும் பாருங்கள். வண்டி வாங்கும்போது ஷோரூம்காரரோ ஏஜென்டோ தன் எண்ணைக் கொடுத்திருந்தால், இதுவரை வந்த சலான் செய்திகள் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கும். ரத்து உத்தரவின் ஒரு நகலும் சி.எஸ்.ஆர். நகலும் வண்டியின் டேஷ்போர்டில் எப்போதும் இருக்கட்டும். போலித் தகடு மாட்டியவர் பிடிபடும்வரை, வழியில் நிறுத்திக் கேட்கும் போலீஸுக்குக் காட்ட அது தேவைப்படும்.